ஆகாயத்திலிருந்து கூப்பிட்டவன் பெங்களூர் போனது

கையில் ஒரு தகரப் பெட்டியோடு பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியபோது எனக்கு வயது பதினாலு. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். எட்டுக் கதவு வைத்த மளிகைக் கடை ஒன்று. லாரி மூன்று, அதில் ஒன்றைத் துப்பாக்கி தூக்கிய காட்டுக்காரர்கள் எரித்தார்கள், மறு வருஷமே இன்னொன்று வாங்கி அதே இடத்தில் நிறுத்தினேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம். மண் சரிந்து சுவர் இரண்டு முறை விழுந்தது, மூன்றாம் முறை நானே கடைக்காலில் இறங்கி நின்று எழுப்பினேன். எல்லையம்மனுக்கு ஒரு கோயில். ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். ஒரு மழைக்குக்கூட நிற்காது என்று துரை சிரித்தார். துரை அவர் ஊருக்குப் போய்விட்டார், பாலம் நிற்கிறது. கை கொடுத்தவன் ஒருவன் கிடையாது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்டவனே பெங்களூரில் ஆறு நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதற்காக.

இந்தக் கட்டுரையை நான் சொல்லச் சொல்ல என் மருமகப்பிள்ளை எழுதுகிறார். அவர் வாத்தியார். திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். திருத்துவார்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேயாவில் அவசரகாலம் வந்தபோது வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்கள் பெரும்பாலும் சீனர்கள். தமிழர்களும் கொஞ்சம் பேர் போனார்கள். அவர்களை வெளியே வரச் சொல்லி, ஒலிபெருக்கி கட்டிய விமானம் ஒன்று மரங்களுக்கு மேலே சுற்றும். சீனத்தில் பேசும், மலாயில் பேசும், தமிழிலும் பேசும். அந்தத் தமிழ்க் குரல் என்னுடையது. நான் விமானத்தில் ஏறவில்லை. கோலாலம்பூரில் சுவரெல்லாம் மெத்தை அடித்த ஓர் அறையில் நிற்கவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். படித்தவர்கள் நாலு பேரைப் பேசவைத்துப் பார்த்தார்களாம். ஒருவர் குரலும் விமானச் சத்தத்தைத் தாண்டவில்லை. நானோ கங்காணியாக இருந்த காலத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிட்டால் மூன்றாவது மலையில் இருக்கிறவன் எழுந்து முகம் கழுவுவான்.

பெயரை வெளியே சொல்லாதே, காட்டுக்காரர்கள் சுட்டுவிடுவார்கள் என்று அதிகாரி எச்சரித்தார். சொல்லாமல் இருக்க முடியுமா? ஊரில் கேட்டவன் கேட்காதவன் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் மருமகப்பிள்ளை பத்திரிகையிலிருந்து ஒரு சிறு விளம்பரத்தை வாசித்தார். பெங்களூர் வக்கீல் ஒருவர் கொடுத்தது. கௌதமன் என்கிற பெங்களூர்த் தமிழர் மலேயாக் காட்டில் காட்டுப் படையோடு இருந்தவர். ஆகாயக் குரலைக் கேட்டு வெளியே வந்து சரணடைந்தார். அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது இந்தியாவில் அவர்மேல் வழக்குப் போடலாமா என்று விசாரிக்கிறார்கள். தமிழில் பேசியவர் யார் என்று தெரிந்தால் உடனே எழுதவும். வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை நாள் பெருமையடித்துவிட்டு இப்போது எப்படி வாயை மூடிக்கொண்டு உட்காருவது?

கப்பலையும் ரயிலையும் விட்டுவிடுகிறேன். பயணக் கட்டுரை எழுதுகிற எல்லாரும் அவற்றில் வாந்தி எடுத்து முடித்துவிட்டார்கள்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் காலையில் இறங்கியதும் என் வாயிலிருந்து புகை வந்தது. நான் பீடி சுருட்டு தொடுகிறவன் இல்லை. பயந்துபோய் வாயை மூடினேன், மூக்கிலிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஜட்கா வண்டிக்காரர் சிரித்தார். "குளிரு சாப். எல்லாருக்கும் வரும். குதிரைக்கும் வருது பாருங்க." குதிரைக்கும் வந்தது. நாற்பது வருஷம் வேர்வையிலேயே ஊறினவனுக்கு இது சின்ன விஷயமா? நாலு முறை ஊதிப் பார்த்தேன்.

"எங்க போவணும்?"

"பிரேசர் டவுன்."

"மூட்டை அஞ்சு, ஆள் ஒண்ணு. மூட்டைய நான் கொண்டு போறேன், நீங்க நடந்து வாங்களேன் சாப். குதிரை கெழடு."

"என்னைவிடவா?"

"நக்கோ சாப், நக்கோ. அந்தப் பேச்சு வேணாம், ஏறுங்க."

பிரேசர் டவுன் போகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு தோட்டம். எங்கள் ஊரில் துரை பங்களாவில் மட்டும் பார்க்கிற ரோஜாப்பூ இங்கே தபால்காரர் வீட்டு வேலியில் பூத்திருக்கிறது. ஒரு தெருவில் மாதா கோயில் மணி, அடுத்த தெருவில் பள்ளிவாசல் பாங்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு பேக்கரியிலிருந்து ரொட்டி வேகிற வாசனை. தமிழ், கன்னடம், துலுக்குப் பேச்சு எல்லாம் ஒரே வாயில் வருகிறது. மலேயாவில் ஜாதிக்கொரு கடைத்தெரு.

தங்கின இடத்துக்குப் பக்கத்து ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டேன். உள்ளே காரச் சட்னி தடவி, மேலே வெண்ணெய் உருண்டை வைத்துக் கொடுத்தான். நம் பக்கத்துக் கோப்பி கறுப்பாய்க் கசக்கும். இந்தக் காபி நாக்கிலிருந்து போகவே மாட்டேன் என்றது. இரண்டாவது தோசை கேட்டேன். மூன்றாவதைக் கேட்டபோது சர்வர் கன்னடத்தில் சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினார். என்ன சொன்னார் என்று எதிரில் இருந்தவரைக் கேட்டேன். "ஒருத்தர் பட்டினியா வந்திருக்கார், சீக்கிரம் போடு" என்றாராம்.

சாயங்காலம் கௌதமனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். பெயர் சுகுணம்மா. பிரேசர் டவுன் பங்களாக்களுக்குப் பின்புறம், வேலைக்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில் ஓர் அறை. புருஷன் கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்து நெஞ்சு அடைத்துச் செத்தவர். அதற்குப் பிறகு இந்த அம்மாள் பெங்களூர் வந்து சட்டைக்கார வீடுகளில், அதாவது ஆங்கிலோ இந்தியர் வீடுகளில், ஆயா வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்திருக்கிறார். பிள்ளை யுத்தத்தில் பட்டாளத்துச் சமையல்காரனாக மலேயா வந்தவன், அங்கேயே தங்கித் தோட்ட வேலைக்குப் போனவன், பிறகு காட்டுக்குப் போனவன்.

"நான்தாம்மா அந்த ஆகாயத்துல பேசினவன்" என்றேன்.

அந்த அம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "கொரல் அவ்ளோ பெருசுன்னு சொன்னானே. ஆளு சின்னதா இருக்கீங்களே."

ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். களியைக் கையில் எடுத்ததும் எனக்குப் பிறந்த ஊரின் ஆற்காட்டுக் கை தானாக வந்துவிட்டது, மெல்லாமல் விழுங்கினேன்.

"கப்பல்ல வந்து எறங்கி மூணு வாரம் இங்கதான் இருந்தான்" என்று சொன்னார். "ஒக்காந்து சாப்பிட மாட்டான். தட்ட கையில வெச்சிக்கினு வாசல்ல நின்னே தின்னுவான். ஏன்டான்னா பழக்கம்மான்றான். பெறவு ஒரு நாள் ஜீப்பு வந்துச்சு. 'கேஸு வராதுன்னு சொன்னாங்களே'ன்னு அவங்ககிட்டயும் கேட்டான். யாருடா சொன்னாங்கன்னா மேல கைய காட்றான். அவங்க சிரிச்சாங்க."

தட்டைத் தள்ளி வைத்தேன். "எல்லையம்மன்மேல ஆணையா சொன்னேம்மா" என்றேன்.

சுவரில் மாடம்போல் ஒரு பலகை. அதில் சிறிய புத்தர் பொம்மை. அந்த அம்மாள் அதைக் காட்டினார். "நாங்க பௌத்தருங்க. எங்க மாமனார் காலத்துலயே தங்கவயல்ல மாறிட்டோம். ஆணை கீணை எல்லாம் எங்களுக்கு வேணாங்க. சொன்னீங்களா, இல்லியா? அத மட்டும் அங்க வந்து சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அழுது புரளுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சமாளிக்கவும் தெரியும். அழாமல் கேட்கிற இந்த அம்மாளை எப்படிச் சமாளிப்பது?

இரண்டாம் நாள் வக்கீலைப் பார்க்கப் பஸ்ஸில் ஏறினேன். தவறான பஸ். அது என்னை வீடுகள் எல்லாம் தாண்டி, வயலும் கிணறுமாக இருந்த லிங்கராஜபுரத்தில் கொண்டுபோய் இறக்கியது. கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு தயிர்க்காரம்மாள், "போர்டு பாத்து ஏறக் கூடாதா பெரியவரே?" என்று கேட்டார்.

"கன்னடத்துல இல்ல எழுதியிருக்கு!"

"அது சரி. எங்களுக்கே புரியாது. நம்பர பாத்துப்போம்" என்று சொல்லி, திரும்புகிற பஸ்ஸில் தாமே ஏற்றிவிட்டார். கன்னடம் என் மானத்தைக் காப்பாற்றியது. உண்மையை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்: தமிழில் எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. மூன்று மாதம் பள்ளிக்கூடம் போனேன். என் பெயரைப் போடுவேன். அதற்கு மேல் இல்லை. பள்ளிக்கூடம் கட்டியவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது எங்கள் ஊரில் என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். இப்போது மருமகப்பிள்ளை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதும் ஐயா, எழுதும்.

வக்கீல் ஆரோக்கியசாமி ஒல்லியான மனிதர், கிறிஸ்தவர், காசு வாங்காமல் இந்த வழக்கை எடுத்திருந்தார். சட்டத்தை எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். இந்தியப் பிரஜை கடல் தாண்டிப்போய்க் குற்றம் செய்தாலும் இங்கே விசாரிக்கலாம். ஆனால் அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கலாமா என்று ஒரு பெரிய அதிகாரி விசாரித்து எழுதுவார். அவர் எழுதுவதில்தான் எல்லாம். போடலாம் என்று எழுதினால் கௌதமன் வெளியே வரும்போது அவன் அம்மா இருக்க மாட்டார்.

"அந்தக் கூட்டம் ஒரு தோட்டத்து கிராணிய, கணக்கு எழுதுற ஆள, கொன்னிருக்கு, லாரிய எரிச்சிருக்கு. இவன் கரண்டிதான் பிடிச்சேன்றான். அத நிரூபிக்க முடியாது" என்றார் வக்கீல். "நமக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. கேஸ் வராதுன்னு சொன்னதாலதான் வந்தேன்றான். மலேயா சர்க்கார்கிட்டேருந்து அந்தப் பேச்சோட நகல் வாங்கிட்டாங்க. இந்தாங்க. இதுல 'நல்ல முறையில் நடத்தப்படுவீர்கள், ஊருக்கு அனுப்பப்படுவீர்கள்'னு இருக்கு. கேஸ் வராதுன்னு ஒரு வார்த்தை இல்ல. நீங்க என்ன படிச்சீங்க? கொஞ்சம் பாருங்க."

காகிதத்தை வாங்கினேன். பார்த்தேன். "கண்ணாடி கொண்டுவரலைங்க" என்றேன்.

வெளியே வந்து அல்சூர் ஏரிக்கரையில் வெயிலில் உட்கார்ந்தேன். அந்த மெத்தை அறையில் நடந்தது இதுதான். ஒரு தமிழ் கிளார்க் காகிதத்தை வரி வரியாக என் காதில் படித்தார். நான் கேட்டுக் கேட்டுக் கத்தினேன். காகிதம் முடிந்தது. எனக்கு முடியவில்லை. 'நடத்தப்படுவீர்கள்', 'அனுப்பப்படுவீர்கள்' என்றால் யார் நடத்துவது, யார் அனுப்புவது? இதற்கு எவன் வருவான்? எங்கள் வடஆற்காட்டுப் பக்கத்தில் கோபித்துக்கொண்டோ தப்புப் பண்ணிவிட்டோ ஓடிப்போனவனைக் கூப்பிட ஒரு முறை இருக்கிறது. ஊர் எல்லையில் நின்று ஒருத்தன் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவன் தன்னைப் பொறுப்பாக வைத்து, எல்லையில் இருக்கிற அம்மன்மேல் ஆணையிட்டு, உன்மேல் ஒரு கை விழாது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஆயிரம் தரம் கூப்பிட்டாலும் அது கூப்பிட்டதாகக் கணக்கில்லை. அதனால் நானாகச் சேர்த்துக் கத்தினேன். கிளார்க் சிரித்தார். வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழி தெரியாது. சத்தம் நன்றாக இருக்கிறது என்று என் முதுகில் தட்டினார்.

ஆக, அந்த வாக்கை எந்தச் சர்க்காரும் கொடுக்கவில்லை. நான் கொடுத்தது. அதை நாளைக்குச் சொன்னால் நான் படிக்கத் தெரியாதவன் என்பதும் வெளியே வரும். சொல்லாவிட்டால் அவன் பொய்யன் ஆவான்.

மூன்றாம் நாள் விசாரணை. ஜட்கா போகிற வழியில் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். எதிரே விதான சௌதா. புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். நான் கட்டடம் கட்டியவன். கல்லைப் பார்த்தால் எடை சொல்வேன். இதற்கு என்னால் எடை சொல்ல முடியவில்லை. மலையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதில் வீடு செதுக்கின மாதிரி இருந்தது. படி மட்டும் எங்கள் பள்ளிக்கூடத்தைவிட உயரம்.

"ஜெயில்காரங்கதான் சாப் நெறைய பேரு கல்லு வேலை செஞ்சாங்க" என்றார் வண்டிக்காரர். "கட்டி முடிச்சதும் கொஞ்சம் பேர விட்டுட்டாங்கன்னு சொல்றாங்க."

நான் இறங்கிப்போய் ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தக் கல்லைக் கொத்தியவன் எந்தத் தப்புச் செய்தவனோ, கோடு ஒரு மயிரிழை விலகவில்லை.

விசாரணை நடந்தது பழைய பங்களா மாதிரி ஓர் அலுவலகத்தில். நீளமான வராந்தா. அதன் கடைசியில் ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்தில் மெலிந்த மனிதன் ஒருவன் பெஞ்சில் உட்காராமல் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், தலை நரைத்திருந்தது. அவன்தான் கௌதமன் என்று வக்கீல் காதோடு சொன்னார். ஆனால் அவனோடு பேசக் கூடாது. சாட்சி யார் என்றோ எங்கிருந்து வந்தவர் என்றோ அவனுக்குச் சொல்லக் கூடாது என்று அதிகாரி உத்தரவு.

அதிகாரி கன்னடக்காரர். கதர்க் கோட்டு, நெற்றியில் மெல்லிய கோடு. எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மலேயாவில் அவசரகாலத்தில் என்னை விசாரித்த எந்த அதிகாரியும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. என் லாரி எரிந்த அன்றைக்குக்கூட நின்றுகொண்டுதான் பதில் சொன்னேன். அவர் கன்னடத்தில் கேட்டதை வக்கீல் தமிழில் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் சரளம்.

"அந்தப் பேச்சைப் பேசியவர் நீங்கள்தானா?"

"நான்தாங்க."

"இதைப் படித்துக் காட்டுங்கள்." அதே காகிதம்.

"கண்ணாடி கொண்டுவரலைங்க."

அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, என்னிடம் நீட்டினார். நான் போட்டுக்கொண்டேன். எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் புன்னகை செய்தார். "சார், இவருக்கு எழுத்தே தெரியாது போலிருக்கு. இவரு எப்படி அந்தக் காகிதத்தப் படிச்சிருப்பாரு? யாரோ செட்டப் பண்ணிக் கூட்டி வந்திருக்காங்க."

வக்கீல் ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஒருத்தர் படிச்சாரு, நான் கேட்டுச் சொன்னேன். கடைசில இருக்கிறது காகிதத்துல இருக்காது. அது நானா சொன்னது."

"நீங்களாவா? சர்க்கார் சார்புல?" இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார். "கேஸ் வராதுன்னு வாக்குக் கொடுக்க நீங்க யாரு? மந்திரியா, ஜட்ஜா?"

"யாரும் இல்லைங்க. கூப்பிட்டவன்."

"உங்க லாரியையே எரிச்ச கூட்டம் அது. தெரியுமா?"

"தெரியும். இன்ஷூரன்ஸ்கூடக் கெடையாது. ஆனா நான் கூப்பிட்டு அவன் வந்திருக்கான். கூப்பிட்டு வந்தவன வாசல்ல வெச்சு அடிக்கிறதுக்கு நான் கூப்பிடலை."

அதிகாரி தமக்கு முன்னால் இருந்த கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு தமக்குத் தெரிந்த தமிழில், மெதுவாக, என்னிடமே சொன்னார். "பெரியவரே, அன்னைக்கு சொன்ன மாதிரியே, இங்கே சொல்ப, கொஞ்சம், சொல்லுங்க. அதே மாதிரி."

"சத்தமாவா?"

"அதே மாதிரி."

எழுந்தேன். வேட்டியை இறுக்கிக் கட்டினேன். மூச்சை இழுத்தேன்.

"காட்டுக்குள்ள இருக்கிற தம்பிமாரே!" என்று தொடங்கினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காகிதத்தில் இருந்த வரிகள் எல்லாம், அந்த 'நடத்தப்படுவீர்கள்' எல்லாம், ஒன்று விடாமல் வந்தன. பிறகு என்னுடையது: "தம்பி! பசியா இருக்கியா? வந்துடு! ஊருக்கு அனுப்புறேன்! ஊர்ல உன்மேல ஒரு கேஸு வராது, ஒரு கை படாது! நான் பொறுப்பு! எல்லையம்மன்மேல ஆணை! வாடா தம்பி, வா!"

பக்கத்து அறைகளில் நாற்காலிகள் நகர்ந்தன. எங்கேயோ ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. வராந்தாவில் ஓட்டம் கேட்டது. கதவு திறந்து, கௌதமன் உள்ளே வந்து நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். பின்னாலேயே போலீஸ்காரர், சட்டையெல்லாம் டீ. "சார், சும்மா நின்னுட்டு இருந்தான் சார், திடீர்னு கையத் தூக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டான், கூப்பிட்டாலும் நிக்கல!"

கௌதமன் அதிகாரியைப் பார்த்தான், இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், கடைசியில் என்னிடம் வந்து நின்றது அவன் பார்வை. "நீங்களா?" என்றான். கை இன்னும் இறங்கவில்லை. நான்தான் எட்டி இறக்கிவிட்டேன். அவனுக்கும் எனக்கும் உயரம் அவ்வளவு வித்தியாசம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எட்ட முடிந்தது.

அதிகாரி கவிழ்த்து வைத்த தாளைத் திருப்பினார். கௌதமன் போன மாதம் கொடுத்த வாக்குமூலம். வக்கீலைப் படிக்கச் சொன்னார். 'பசியா இருக்கியா' என்பதிலிருந்து 'வா' வரைக்கும் அதில் இருந்தது. அவன் பொய்யன் இல்லை.

பிறகு ஒரு கால் மணி நேரம் வராந்தாவில் எங்களைப் பேசவிட்டார்கள். நான் கேட்டேன்: "என் லாரிய எரிச்சது உங்க கூட்டம்தானே?"

"ஆமாங்க. நான் எரிக்கல. அரிசி மூட்டைய எறக்கினது நான்."

"எத்தன மூட்டை?"

"எட்டு. ரெண்டு நனைஞ்சிடுச்சு."

"கிராணி செத்தாரே, அது?"

"நான் அடுப்பாண்ட இருந்தேங்க. சத்தம் கேட்டுச்சு. பெறவு அவங்க வந்து சோறு கேட்டாங்க. போட்டேன்."

அவன் சொன்னது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அவன் கையில் கரண்டி இருந்ததா, துப்பாக்கி இருந்ததா, நான் பார்க்கவில்லை. கிராணியின் பெண்டாட்டி எங்கள் கடையில்தான் சாமான் வாங்குகிறாள். அவள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்று அந்த வராந்தாவில் நினைத்துக்கொண்டேன். இன்னும் நினைக்கிறேன். அவனுக்காக நான் பேசவில்லை. நான் சொன்ன சொல்லுக்காகப் பேசினேன்.

அலுவலகத்துச் சிப்பந்திகள் இரண்டு பேர் வாசலில் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். வக்கீல் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார். ஒருவர், "காது போயிற்று." மற்றவர், "இப்படி ஒரு ஆள் நம் ஆபீசில் இருந்தால் போனே வேண்டாம்."

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் காத்திருந்தோம். சுகுணம்மா வேலைக்குப் போய்விட்டார். லீவு போட்டால் வேலை போய்விடுமாம். நான் லால்பாக் போய்க் கண்ணாடி மாளிகையைப் பார்த்தேன், திராட்சை வாங்கித் தின்றேன், கம்பளிக் குல்லா ஒன்று வாங்கினேன். எதிலும் மனசு ஒட்டவில்லை. ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. எத்தனையோ வேலை இருக்கிற ஒரு பெரிய அதிகாரி, எழுத்துத் தெரியாத ஒரு வெளியூர்க் கிழவன் சொன்ன நாலு வார்த்தைக்காகத் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாரே. நான் கட்டியதெல்லாம் கல்லும் மரமும். இது எதால் கட்டியது?

ஆறாம் நாள் உத்தரவு வந்தது. வழக்குப் போட அனுமதி கொடுக்க வேண்டியதில்லை என்று அதிகாரி எழுதிவிட்டார். மேலிடமும் ஒப்புக்கொண்டது. கௌதமன் ஒரு வருஷம் வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சுகுணம்மா உத்தரவைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மடித்து வக்கீலிடமே கொடுத்தார். "சோறு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். கௌதமன் பின்னாலேயே போனான். அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டானா என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டு விஷயம்.

நான் வக்கீலை விடவில்லை. உத்தரவை முழுதும் தமிழில் சொல்லும் என்றேன். சொன்னார். அதில் ஓர் இடத்தில், 'ஆகாயத்திலிருந்து வந்த ஒரு குரல் கொடுத்த உறுதிமொழியை நம்பி இவர் வெளியே வந்திருக்கிறார்' என்று இருந்தது.

"ஒரு குரலா? எந்தக் குரல்? பேர் எங்க?"

"பேர் வேணாம்னு விட்டிருப்பாங்க பெரியவரே. நீங்க அதிகாரம் இல்லாம வாக்குக் கொடுத்தவரு. பேர் போட்டா உங்களுக்குத்தான் சிக்கல். மலேயாவுல உங்களயே கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"விசாரிக்கட்டும்."

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

லாபம் என்று கேட்டார் பாருங்கள். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அதிகாரி ஐயா நல்லவர், அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கை மலேயா சர்க்கார் கொடுக்கவில்லை, இந்திய சர்க்கார் கொடுக்கவில்லை, ஆகாயமும் கொடுக்கவில்லை. இந்தக் கௌதமனை நாளைக்கே வேறொரு அதிகாரி வந்து மறுபடியும் பிடித்தால், அவன் யாரைக் காட்டுவான்? மறுபடி மேலே கையைக் காட்டுவானா? காட்டுக்குள்ளே இன்னும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். கிராணியின் பெண்டாட்டி என் கடைக்கு வந்து, அவனை விட்டது யார் என்று கேட்டாலும் அவளுக்கும் ஒரு ஆள் வேண்டும். வாக்கு என்றால் அதற்குச் சட்டை வேண்டும், பிடித்துக் கேட்க.

ஆகவே சம்பந்தப்பட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த உத்தரவைத் திருத்துங்கள். 'ஒரு குரல்' என்று இருக்கிற இடத்தை அடித்துவிட்டு எழுதுங்கள்: கூப்பிட்டது பொன்னுரங்கம். கையெழுத்து வேண்டுமென்றால் அனுப்புங்கள். அது ஒன்று எனக்குப் போடத் தெரியும்.